திருமதி ப., சங்கரன்கோவில்

சர்ரக்... டப். சர்ரக்... டப்.

படியில் இறங்கும்போதே கேட்டிருக்குமே மேடம்? புதுசாக வருகிறவர்கள் எல்லாரும் பாதிப் படியில் நின்றுவிடுவார்கள். கீழே ஒரே இருட்டு, அதற்குள் என்னமோ மூச்சு விடுகிறதே என்று. மிஷின்தான். கல்யாணப் பத்திரிகை ஓடுகிறது. குனிந்து வாங்க, அங்கே ஒரு இரும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. லைட்டை மாற்றச் சொல்லி முதலாளியிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அவருக்கு என்ன, மேலே கண்ணாடி ரூமும் ஏசியும். கீழே கிடக்கிறது நாங்கள்தானே.

அந்த ஸ்டூலில் உட்காருங்க. சேலையில் ஒட்டாது, அது காய்ந்த மை. நான் இந்த உறைகளை ஒட்டிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்காதீங்க. ராத்திரி ஷிப்டு தொடங்குவதற்குள் முடிக்கணும். அதோடு, கை சும்மா இருந்தால் எனக்கு மனசு எங்கேயாவது போய்விடும். திரும்பக் கூட்டிக்கொண்டு வருவது பெரும்பாடு. பேர் தவசிமணி. டிசைனர் என்று மேலே சொல்லியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது ஒன்றும் கிடையாது, எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகினது. ஆனால் இந்தப் பாளையங்கோட்டையில் உங்க கையில் எவனாவது ஒரு பிட் நோட்டீஸைத் திணித்தான் என்றால், பெரும்பாலும் அது என் கைவேலையாகத்தான் இருக்கும்.

கொடுங்க பார்ப்போம், என்ன எழுதிக்கொண்டு வந்திருக்கீங்க.

"ம. நிலோபர், மருத்துவ உளவியலாளர்." சரி. "பதற்றம், அச்சம், மனச்சோர்வு ஆகியவற்றுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை." சரி. "உங்கள் நிலையைக் கேட்டறிந்த பிறகே எந்த முறை பொருந்தும் என்று சொல்ல முடியும். பலருக்குச் சில மாதங்களில் முன்னேற்றம் தெரியும். எல்லாருக்கும் ஒரேபோல் பலன் தரும் என்று உறுதி கூற இயலாது. மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்."

மேடம், நான் கேட்கிறேன், இது நோட்டீஸா, போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற வாக்குமூலமா?

சிரிக்காதீங்க. நிஜமாகத்தான் கேட்கிறேன். இதைப் படித்துவிட்டு எவன் வருவான்? "உறுதி கூற இயலாது" என்று ஒரு டீக்கடைக்காரன் போர்டு வைத்தால் நீங்க டீ குடிப்பீங்களா? எனக்கு ஒருத்தர் மேலேயும் சட்டென்று நம்பிக்கை வராது, அது என் பிறவிக் குணம். ஆனால் இப்படி அடக்கமாக எழுதினால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடத்தான் செய்யும். பெரிசாகப் பேசுகிறவனையாவது இன்ன ரகம் என்று பிடித்துவிடலாம். சின்னதாகப் பேசுகிறவங்க உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்?

இல்லை, உங்களைச் சொல்லவில்லை. உங்க வகையில் ஒருத்தன். அவனால்தான் என் வீடு இன்றைக்குப் படாத பாடு படுகிறது.

சரி, உங்க வகை இல்லை. ஒத்துக்கொள்கிறேன். நீங்க கல்லூரியில் படித்தவங்க, அவன் படிக்காதவன். எனக்கு இரண்டு பேரும் மனசைப் பற்றிப் பேசுகிறவங்கதான். மிஷினில் மாட்டுகிற அச்சுப் பிளேட் வர இன்னும் நேரம் ஆகும், கேளுங்க. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்க, நான் சந்தேகப்படுவது சரியா, தப்பா என்று.

என் வீட்டுக்காரி பேர் பிரம்மசக்தி. பிரமு என்று கூப்பிடுவேன். வல்லநாட்டுப் பக்கம் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற கம்பெனி ஒன்றில் டெய்லர். கை வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். போன தை மாசம் அவள் வந்த பஸ், பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரியில் போய் இடித்தது. இவளுக்கு ஒரு கீறல் கிடையாது. பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, அதுவரைக்கும் மகள் பிரசவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவங்க, இவள் மடியில் சாய்ந்தாங்க. அப்புறம் எழுந்திரிக்கவே இல்லை.

அதிலிருந்து பஸ் ஹாரன் கேட்டால் போதும், நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். கைகால் உதறும். மூச்சு வாங்கும். "போவப்போறேன், பிள்ளையப் பாத்துக்கிடுங்க" என்பாள். கம்பெனி வேலையையும் விட்டுவிட்டாள். இசிஜி எடுத்தோம். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, மனசில்தான் பயம் தங்கிவிட்டது என்று பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். போனாள்.

அங்கே ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார். ஒரு பொண்ணு, உங்க வயசுதான் இருக்கும், வாராவாரம் வியாழக்கிழமை கூப்பிட்டு உட்கார்த்திப் பேசும். பேசிவிட்டு வீட்டுப்பாடம் கொடுக்கும். என்ன வீட்டுப்பாடம் தெரியுமா மேடம்? பஸ் ஸ்டாப்பில் போய் நில்லு. பஸ் வரும், போகும். ஏற வேண்டாம். நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும். ஓடி வந்துவிடாதே. படபடப்பு தானாக இறங்குகிற வரைக்கும் நின்றுவிட்டு வா. அவ்வளவுதான்!

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏட்டி, பஸ் ஸ்டாப்புல நிக்கதுக்கு ஒரு டாக்டரா? நானுந்தான் தெனமும் நிக்கேன், எனக்கு எவன் பட்டம் குடுத்தான்?" என்றேன். முதல் சில நாள் வீட்டில் யாராவது துணைக்குப் போனால் நல்லது என்று அந்தப் பொண்ணு சொல்லிவிட்டிருந்ததாம். எனக்கு எங்கே முடியும்? ராத்திரி வேலை, பகலில் தூக்கம். அதுவும் பஸ் ஸ்டாப்பில் பொண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் நின்றால் ஊர்க்காரன் என்ன நினைப்பான்? தனியாகத்தான் போனாள். போய் நின்றுவிட்டு நின்றுவிட்டு வந்தாள்.

ஒருநாள், டெப்போ பக்கம் சும்மா நிறுத்தியிருந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்று சொன்னாள். முகமெல்லாம் வேர்வை, ரவிக்கை நனைந்திருக்கிறது, ஆனால் ஒரு சிரிப்பு. "டிரைவரே இல்லாத பஸ்ஸுல உக்காந்துட்டு வந்ததுக்கு ஒரு இளிப்பா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். பொம்பளைகளுக்கு வேடிக்கை பேசினால் புரிகிறதே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஆள் வந்தான். ஆனந்தரூபன்.

இதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தான். வெள்ளை ஜிப்பா, சந்தன வாசனை. ஏதோ பள்ளிக்கூடத்தில் யோகா மாஸ்டராக இருந்தவன். ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தான்: "மன அமைதிக்கு மூச்சுப் பயிற்சி. அனைவரும் வருக." அதே கதைதான். "அண்ணாச்சி, ஜனங்க வரமாட்டேங்காங்க" என்று என்னிடம் அழுதான். பின்னே எப்படி வருவாங்க? மூச்சு விட ஒருத்தன் இவனைத் தேடி வருவானா, தன் வீட்டிலேயே விட்டுக்கொள்ள மாட்டானா?

நான்தான் உட்கார்ந்து அதை நோட்டீஸாக ஆக்கினேன். இது என் தொழில் மேடம், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதலில் பேர். "நியூரோ குவாண்டம் மனோஅலைச் சிகிச்சை" என்று வைத்தேன். குவாண்டம் என்றால் என்ன என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, படிக்கிறவனுக்கும் தெரியாது. அதனால்தான் ஒருத்தனும் கேள்வி கேட்க மாட்டான். "பேருக்கு முன்னால டாக்டர் போடலாமா அண்ணாச்சி?" என்று இழுத்தான். "ஏதாவது சர்டிபிகேட் இருக்கா?" என்றேன். "ஆன்லைன்ல ஒண்ணு முடிச்சிருக்கேன்" என்றான். போட்டுவிட்டேன். பயம், தூக்கமின்மை, குடிப்பழக்கம், குழந்தையின்மை, மாணவர் ஞாபகசக்தி, தம்பதி சண்டை, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினேன். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்கிறவன் திருடனாகத்தான் இருக்கணும், அது எனக்குத் தெரியாதா? ஆனால் நோட்டீஸ் நிறைந்து தெரியுமே.

நடுவில் ஒரு வெடி நட்சத்திரம் போட்டு "ஒரே அமர்வில்! 97% வெற்றி!" என்று சிவப்பில் வைத்தேன். ஏன் தொண்ணூற்றேழு என்று கேளுங்க. நூறு என்றால் பொய் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். தொண்ணூறு என்றால் வாயில் வந்ததைச் சொன்னதுபோல இருக்கும். தொண்ணூற்றேழு என்றால் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு ஆளாக எண்ணியிருக்கிறார்கள் என்று தோணும். அந்தக் குணமாகாத மூணு பேர் இருக்கிறார்களே, அவர்கள்தான் மேடம் மற்ற எல்லாரையும் நம்ப வைக்கிறவர்கள். எத்தனை பேரில் தொண்ணூற்றேழு, யார் எண்ணினது, எங்கே எண்ணினது என்று இதுவரை ஒரு ஆத்மா கேட்டதில்லை.

கீழே இடது பக்கம் கொஞ்சம் வெறுமையாக நின்றது. குணமானவர் சொல்கிறார் என்று ஒரு கட்டம் போடணும். அவனிடம் குணமானவர் என்று காட்ட ஒருத்தரும் இல்லை. அவசரம், பிளேட் போடக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். கைக்கு வந்ததை அடித்தேன். "பஸ் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். வேலையை விட்டேன். ஆஸ்பத்திரி, மாத்திரை, எதிலும் பயனில்லை. டாக்டரிடம் ஒரே ஒரு அமர்வு! இன்று தன்னந்தனியாக மதுரை வரை பஸ்ஸில் போய் வருகிறேன். திருமதி ப., சங்கரன்கோவில்."

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? முழுப் பேரா போட்டேன்? ப. என்று ஊரில் ஆயிரம் பேர் இருப்பாங்க. சங்கரன்கோவிலுக்கும் எங்களுக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது. மனசில் என்ன ஓடுகிறதோ அதுதானே விரலில் வரும்.

பிரஸ்காரன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மை சரியாக ஏறுகிறதா என்று பார்க்க முதலில் ஓட்டுகிற தாளெல்லாம் கோணல்மாணலாக அடித்து வீணாகும். அதைக் கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவோம். அலமாரித் தட்டில் விரிக்க, முறுக்குக்கு எண்ணெய் வடிக்க, பிள்ளை நோட்டுக்கு அட்டை போட. எங்கள் வீட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் இந்த ஊர்க் கல்யாணம் அத்தனையும் கிடக்கும். அப்படித்தான் அந்த நோட்டீஸும் போயிற்று. வாசிக்கக் கொண்டுபோகவில்லை மேடம், விரிக்கக் கொண்டுபோனேன்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அடுக்களையிலிருந்து "ஏங்க!" என்று ஒரு குரல். விபத்துக்கு அப்புறம் அவள் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதே இல்லை. அலமாரித் தட்டைத் துடைக்கிற துணி ஒரு கையில், விரிக்க எடுத்த அந்த நோட்டீஸ் மறு கையில், வந்து நிற்கிறாள். "ஏங்க, இந்தாருங்க, என்ன மாதிரியே ஒருத்தி. அப்படியே என்ன மாதிரி. வேலைய விட்டுட்டாளாம். ஹாரன் சத்தம் கேட்டா நெஞ்சு அடிக்குமாம். இப்ப மதுர வரைக்கும் ஒத்தையில போறாளாங்க!"

நான் சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். "நோட்டீஸுல ஆயிரம் போடுவான்" என்றேன். சொன்னேன் மேடம், நான் எச்சரிக்காமல் இல்லை. அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அச்சுல வந்திருக்கே" என்றாள். பிரஸ்காரன் பொண்டாட்டி சொல்கிற பேச்சா இது? இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்துவிட்டு, அச்சில் வந்ததை நம்புகிறாள் என்றால் நான் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்ள?

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனிடம் போனோம். ஆமாம், நானும் போனேன். அன்றைக்கு எனக்கு லீவு.

அவன் செய்ததைக் கேளுங்க. காதில் ஒரு ஹெட்போன் மாட்டினான். உள்ளே தேனீக் கூட்டம் மாதிரி ஒரு ரீங்காரம். நெற்றியில் தட்டினான், தாடையில் தட்டினான், தோள்பட்டையில் தட்டினான். கண்ணுக்கு நேரே விரலை இங்கும் அங்கும் ஆட்டினான். "மூளையில பயம் போட்டிருந்த முடிச்சு அவுந்துட்டும்மா" என்றான். அவிழ்ந்ததை எதை வைத்துப் பார்த்தான்? எனக்கு அப்போதே சந்தேகம். கடைசியில், "இனி மாத்திரை வேண்டாம், அது மனோஅலைய மறிக்கும்" என்று ஒரு போடு போட்டான். இன்னொரு டாக்டர் கொடுத்த மருந்தை, அவரைக் கேட்காமல் நிறுத்து என்று எவன் சொல்கிறானோ, அவன் மருந்தைத் தடுக்கவில்லை மேடம், அந்த டாக்டரிடம் நாம் திரும்பிப் போவதைத் தடுக்கிறான். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அன்றைக்குச் சாயங்காலமே பஸ்ஸில் ஏறிவிட்டாள்! நான் சைக்கிளில் பின்னாலேயே போகிறேன். சமாதானபுரம் ஸ்டாப்பில் இறங்கி நின்று சிரித்தாள். பொய் சொல்லக்கூடாது, எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒருவேளை நாம் அடித்தது நிஜமாகவே நடந்துவிட்டதோ என்று.

என்ன சொல்றீங்க? அதற்கு முன்னால் வாரக்கணக்கில் ஸ்டாப்பில் நின்றாளே, நிற்கிற பஸ்ஸில் உட்கார்ந்தாளே, அதுதான் அவளை ஏற்றிவிட்டிருக்குமா?

அப்படியும் இருக்குமோ. அது எனக்குத் தோணவே இல்லை.

எப்படியோ, அந்தத் தெம்பு கொஞ்ச நாள்தான். மாத்திரை நின்றுபோனதும் தலை சுற்றல், தூக்கம் இல்லை. எதற்கெடுத்தாலும் அழுகை. ஒருநாள் பைபாஸில் பஸ் சடாரென்று பிரேக் போட்டிருக்கிறது. இவள் கத்தியிருக்கிறாள். நடு ரோட்டில் நிறுத்தச் சொல்லி இறங்கி, செருப்பைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு அந்த வெயிலில் வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறாள். வந்தவள் அப்புறம் வாசல்படி தாண்டவில்லை. பால் வாங்கக்கூடத் தாண்டவில்லை.

அவனுக்குப் போன் போட்டேன். என்ன சொன்னான்? "அம்மாவுக்கு நம்பிக்கை பத்தல. வீட்டுக்குள்ள யாரோ சந்தேகப்படுத ஆளு இருக்காங்க, அவுங்க அலை மறிக்கு. அடுத்த கட்டச் சிகிச்சைக்குக் கூட்டிட்டு வாங்க." என்னைத்தான் சொல்கிறான்! கணக்கைப் பாருங்க மேடம். குணமானால் அவன் சிகிச்சை. ஆகாவிட்டால் அவள் நம்பிக்கை. அதுவும் இல்லாவிட்டால் என் சந்தேகம். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவன் தோற்கவே மாட்டான். தோற்கவே முடியாத ஒரு பேச்சை எவன் பேசினாலும் நான் எழுந்து போய்விடுவேன்.

நேரில் போனேன். சட்டையைப் பிடிக்கிறதாகத்தான் போனேன். வாசலில் ஏகப்பட்ட செருப்பு. உள்ளே சுவரில் என் நோட்டீஸைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். "என்னய்யா, ஏமாத்துதியா?" என்று கேட்டேன். அவன் என்னை உட்காரச் சொன்னான். "அண்ணாச்சி, நான் மூச்சுப் பயிற்சின்னுதான எழுதிக் குடுத்தேன்? மத்ததெல்லாம் நீங்க போட்டது. இப்ப வாரவங்க எல்லாரும் அந்தத் தொண்ணூத்தேழத்தான் கேக்காங்க. நானே ஒங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். அது எப்படிக் கணக்குப் போட்டிய?" என்றான்.

முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை மேடம். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் மாதிரிக் கேட்கிறான். எப்பேர்ப்பட்ட நடிகன் பாருங்க! பழியைத் தூக்கி பிரஸ்காரன் தலையில் போடுகிறான். கத்தி செய்தவனா குத்தினான்? எழுந்து வந்துவிட்டேன்.

சரி, அவன் கிடக்கிறான். இப்போ வீட்டில் என்ன நடக்கிறது என்றால், அவளுக்கு அந்த ஆனந்தரூபன் மேல்கூடக் கோபம் இல்லை. "அவரு என்ன செய்வாரு, சங்கரன்கோவில்காரிக்கு ஆச்சுல்லா? எனக்குத்தான் ஆவல. அப்ப கோளாறு என்கிட்டத்தான் இருக்கு" என்கிறாள். ஆஸ்பத்திரிப் பொண்ணு போன் பண்ணிக் கூப்பிடுகிறது. எடுக்க மாட்டேன் என்கிறாள். "எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போக? மாத்திரைய நானாத்தான நிப்பாட்டினேன்?" என்கிறாள். நேற்று, வீட்டில் இருக்கிற தையல் மிஷினை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். "இனி எனக்கு எதுக்கு?" என்று. அந்தக் குரலை நீங்க கேட்டிருக்கணும். அழுகைகூட இல்லை அதில்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சங்கரன்கோவில்காரியின் போன் நம்பர். "ஒங்க பிரஸ்ஸுலதான அடிச்சாங்க? விலாசம் இருக்கும்லா? ஒரே ஒரு தடவ பேசிட்டாப் போதும். அவ எப்படிச் செஞ்சான்னு கேட்டுட்டாப் போதுங்க." தினமும் கேட்கிறாள். தேடுகிறேன் என்றேன். பழைய கம்ப்யூட்டரில் இருந்தது, அழிந்துபோயிற்று என்றேன். அவங்க ஊர் மாறிப் போய்விட்டாங்க என்றேன். ஒன்றும் எடுபடவில்லை.

அதனால் மேடம், ஒரு சின்ன உபகாரம். உங்க குரல் நல்ல தணிவான குரல். ஆறு மணிக்கு மேல் அவளே போன் பண்ணுவாள், சாப்பிட்டேனா என்று கேட்க. நீங்க அதை வாங்கி இரண்டே வார்த்தை... "நான்தான் அந்தச் சங்கரன்கோவில் அம்மா, தைரியமா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று...

ஏன்? நல்ல காரியத்துக்குத்தானே?

இன்னொரு நோட்டீஸ் அடிக்கிற மாதிரியா? சரி. சரி மேடம், கோபப்படாதீங்க. பேசமாட்டீங்க, அவ்வளவுதானே. நோட்டீஸில் உறுதி கூற மாட்டேன் என்கிறீங்க, போனில் பொய் சொல்ல மாட்டேன் என்கிறீங்க. உங்களைப் போன்றவங்க எப்படித்தான் பிழைக்கப் போறீங்களோ.

நான் சொல்வதா? அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்றா? லேசாகச் சொல்லிவிட்டீங்க. இல்லை என்றால், பிறகு அதை அடித்தது யார் என்று கேட்பாளே.

இருங்க. அவள்தான்.

"ஏட்டி... ம்... சாப்பிட்டேன். இல்ல, சும்மாதான் இருக்கேன். ஒரு மேடம் வந்திருக்காங்க, நோட்டீஸ் அடிக்க. டாக்டரு மாதிரி. ம்... பிள்ள வந்துட்டானா?... நம்பரா?... பிரமு... இல்லட்டி, நம்பரு... கேளு. நான் சொல்லுதத கேளு. அந்தப் பொம்பள மதுரைக்கெல்லாம் போகல. ஆமா. போகவே இல்ல. அது நோட்டீஸுக்காகக் கூட்டிப் போட்டது. எல்லாம் பொய்யான்னா... பஸ்ஸுக்குப் பயந்தது நெசம். மத்தது பொய்யி. யாரு போட்டதுன்னா? போட்டாங்க. அவ ஒரே நாள்ல ஒண்ணும் சரியாவல. ஸ்டாப்புல போயி நின்னுட்டு நின்னுட்டு வந்திருக்கா. அப்புறம், நிக்கிற பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டு எறங்கி வந்திருக்கா. ஆமா, அவ்வளவுதான். அதுக்கே வேர்த்து ஊத்திருக்கு.

வீட்டுக்காரனா? இருக்கான். அவனா... அவன் சிரிச்சான். ஆமா. கூடப் போகவும் இல்ல. அவன் அப்படித்தான்.

ஏட்டி. பிரமு... இருக்கியா? சத்தத்தக் காணோம். ம்... பேரா?

..............

என்னைக்கி? வியாழக்கிழமையா? காலையிலதான?... தூங்கிருப்பேன். எழுப்பு. இல்ல, வாரேன். ஸ்டாப்புக்குந்தான். சொல்லுதேன்லா, வாரேன்னு. வச்சிருதேன்."

அவ்வளவுதான்.

அப்படிப் பார்க்காதீங்க. நான் எதுவும் பொய் சொல்லவில்லை. நீங்களே கேட்டுக்கொண்டுதானே இருந்தீங்க? கடைசியில், அந்தப் பொம்பளை பேர் என்னங்க என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது, அதைக்கூட இறக்கப் போகவில்லை. அப்புறம், அவளும் திருப்பிக் கேட்கவில்லை. வியாழக்கிழமை வாரீங்களா என்று மட்டும் கேட்டாள்.

இதனால் உங்களை நான் நம்பிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம் மேடம். நாளைக்கு மத்தியானம் புரூப் தயாராக இருக்கும், வந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க. நீங்க எழுதினது எழுதினபடியே வரும்.

அந்தப் பசைக் கிண்ணத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க. ஆறிப்போனால் கட்டியாகிவிடும். உறை இன்னும் நிறையக் கிடக்கிறது.